திண்டிவனத்துக்குப் போன பஞ்சு

விழுப்புரத்தில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. வெறும் வயிற்றோடு காலையில் வந்து நிற்கிறவர்களிடம் இரத்தம் எடுப்பதில் பொழுது தொடங்கும். சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின் என்று மாலைவரை எண்கள்தான். யூரியா கூடிப்போன சீட்டை நீட்டும்போது வாங்குகிறவரின் முகத்தைப் பார்ப்பது இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குப் பழகவில்லை. வீட்டுக்கு வந்து கூடத்தில் இருக்கிற மீன்தொட்டி முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால்தான் அந்த முகங்கள் மனதைவிட்டு இறங்கும்.

அந்தத் தொட்டியை எனக்குப் பழக்கிவிட்டவர் ஒரு பாய். ரயிலடிக்குப் போகிற வழியில் சின்னதாகக் கடை வைத்திருந்தார். சென்னை கொளத்தூரிலிருந்து ஆக்ஸிஜன் அடைத்த பைகளில் அவருக்கு மீன் வரும். தமிழ்நாட்டில் வண்ணமீன் விற்கிற கடைகளில் பாதிக்குமேல் கொளத்தூரைப் பார்த்துத்தான் இருக்கும் என்பார். அவரிடம் தொட்டி வாங்கப் போனால் தொட்டி கொடுப்பார், ஏர் பம்ப் கொடுப்பார், பஞ்சு ஃபில்டர் கொடுப்பார். மீன் மட்டும் அன்றைக்குக் கொடுக்கமாட்டார். "தண்ணி பழகட்டும்மா, ஒரு மாசம் போவட்டும். மீன் எங்க ஓடிடப் போவுது?" என்று அனுப்பிவிடுவார். பிள்ளையைக் கூட்டிவந்தவர்கள் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனதை நானே பார்த்திருக்கிறேன். அவர் அசைந்ததில்லை.

குழாய்த் தண்ணீரின் குளோரினை முறிக்க அவர் வைத்திருந்தது கண்ணாடிக் கற்கண்டாகத் தெரிகிற ஹைப்போ. சோடியம் தயோசல்ஃபேட் என்பது அதன் வேதிப்பெயர். ஃபிலிம் காலத்தில் ஸ்டுடியோக்காரர்கள் இருட்டறையில் படம் கழுவப் பயன்படுத்தியது அதுதான்; அவர்களிடமிருந்துதான் பாயும் வாங்கிவந்தார். குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது நம் நாட்டுத் தரநிர்ணயம். நமக்கு அது காவல். ஆனால் அந்தக் குளோரின் மீனின் செவுளைப் புண்ணாக்கும். தொட்டியில் இருக்கிற நல்ல கிருமிகளையும் கொல்லும். ஒரு பக்கெட்டுக்கு இரண்டு மூன்று துணுக்கு ஹைப்போ போதும். ஹைப்போ கிடைக்காவிட்டால் தண்ணீரை அகலமான அண்டாவில் ஒரு நாள் காற்றாட வைத்திருக்கலாம்.

பாயின் கடைத் தொட்டிகளில் தேவைக்கு மேல் சில பஞ்சுகள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். பழுப்பேறி, தொட்டால் வழவழவென்று இருக்கும். தெரிந்தவர்கள் புதுத்தொட்டி வைத்தால் அதில் ஒன்றை எடுத்துக் கையில் கொடுப்பார். எனக்கும் கொடுத்தார். பாய் இப்போது இல்லை, கடையும் மூடிவிட்டது.

2024 ஆவணியில் திண்டிவனத்தில் அண்ணன் மகளுக்குப் பிறந்தநாள் வந்தது. கிடங்கல் பக்கம் அவர்களுக்கு வீடு. அண்ணன் அவளுக்கு இரண்டடித் தொட்டியும் நான்கு தங்கமீன்களும் வாங்கிக் கொடுத்தார். இரண்டு ஆரஞ்சு, ஒரு கறுப்பு மூர், தலையில் சிவப்புத் தொப்பி வைத்த ஒரு ஒராண்டா. தொட்டி, கூழாங்கல், பொம்மைக் கோட்டை, மீன் எல்லாம் ஒரே மாலையில் வீட்டுக்கு வந்து, அன்றிரவே மீன் தண்ணீரில் இறங்கிவிட்டது. எனக்குப் போட்டோ அனுப்பினார்கள். தண்ணீர் பளிங்காக இருந்தது.

விநாயகர் சதுர்த்தி கழிந்து சில நாளில் பாப்பா போன் பண்ணினாள். "அத்தை, ரெண்டு மீன் செத்துப்போச்சு. மத்த ரெண்டும் மேலயே வந்து வாயத் தெறந்துகிட்டு நிக்குது." பேச முடியாமல் அழுதாள். அண்ணி போனை வாங்கிச் சொன்னாள்: "எல்லாம் இந்த உப்புத் தண்ணியாலதான். இத்தன நாளும் கேன் தண்ணிதான் ஊத்தினோம். ஞாயித்துக்கெழம கேன் வண்டி வரல. உங்கண்ணன் பாதித் தண்ணிய போர்ல புடிச்சு ஊத்தினாரு. ராத்திரிக்குள்ள ரெண்டும் போச்சு."

அண்ணி சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. போர்த் தண்ணீர் ஊற்றியதும்தான் மீன் செத்தது. ஆனாலும் கொன்றது போர்த் தண்ணீர் இல்லை. இதைப் போனில் விளக்க முடியாது என்று பட்டது. தீனியை அடியோடு நிறுத்துங்கள், தண்ணீரைத் தொடாதீர்கள், நான் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் வீட்டுத் தொட்டியில் இரண்டு பஞ்சு ஓடிக்கொண்டிருந்தது. வெகுநாளாக அதில் புதுமீன் எதையும் விட்டதில்லை, நோயும் வந்ததில்லை. அதனால் தைரியமாக ஒன்றை எடுக்கலாம். எடுத்து, அதே தொட்டித் தண்ணீர் பாதியும் காற்று பாதியுமாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக்கொண்டு ரயிலேறினேன். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், அடுத்தது திண்டிவனம். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூடியைத் திறந்து காற்றுவிட்டேன். எதிரே இருந்த பெரியம்மா, "உள்ள என்னம்மா, குழம்பா?" என்று கேட்டார். மீனுக்கு மருந்து என்றேன். உண்மையில் அது மருந்துக்கும் மேலே.

உள்ளே இருந்தது என்னவென்று இங்கே சொல்லிவிடுகிறேன். நம் உடம்பு புரதத்தைச் செரித்து மிச்சமாகிற நைட்ரஜனை ஈரலில் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் விடுகிறது. நான் தினமும் அளப்பது அதைத்தான். மீனுக்கு அந்த வேலை பெரும்பாலும் கிடையாது. சுற்றிலும் தண்ணீர் இருக்கிறது என்ற நம்பிக்கையில் அம்மோனியாவை நேராகச் செவுள் வழியே வெளியே விட்டுவிடும். ஏரியிலும் குளத்திலும் அது கரைந்து போய்விடும். இரண்டடித் தொட்டியின் 57 லிட்டரில் போக இடமில்லை. ஒரு வகை பாக்டீரியா அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை நைட்ரைட்டை அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாக மாற்றுகிறது. ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டியது 1890 வாக்கில். அதற்கு நாற்பது வருடம் முன்பே, 1850இல், லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியாச் செடியையும் ஒரு தொட்டியில் வைத்து, இலை அழுகித் தண்ணீர் கலங்கியபோது நத்தைகளை விட்டு, தண்ணீரை மாற்றாமலே மீன்களை மாதக்கணக்கில் வாழவைத்துக் காட்டினார். செடி, மீன், நத்தை மூன்றையும் அவர் கணக்கில் வைத்தார். கண்ணுக்குத் தெரியாமல் கல்லிலும் இலையிலும் ஒட்டிக்கொண்டு வேலைபார்த்த நான்காவது கூட்டம் அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

புதுத்தொட்டியில் இந்தக் கூட்டம் தானாக வந்து குடியேறிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். பாய் சொன்ன ஒரு மாதத்தின் கணக்கு இதுதான். தொட்டியில் முதலில் குடியேற வேண்டியது மீன் அல்ல. பழைய தொட்டியின் பஞ்சு ஒன்று கிடைத்தால் அந்தக் காத்திருப்பு பெரிதும் குறையும்.

திண்டிவனம் போய்ச் சேர்ந்து தொட்டியைப் பார்த்தேன். அப்போதும் தண்ணீர் பளிங்காகத்தான் இருந்தது. ஞாயிறுதோறும் அண்ணி தொட்டியைக் காலிசெய்து, கல்லையும் கோட்டையையும் பஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, புதுக் கேன் தண்ணீர் நிரப்பியிருக்கிறாள். சுத்தத்தில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. அந்தச் சுத்தத்தில் நல்ல கிருமி ஒன்றுகூடத் தங்க வழியில்லை. இன்னொன்றும் நடந்திருந்தது. பாப்பாவின் பள்ளித் தோழிகள் வரும்போதெல்லாம் ஒரு சிட்டிகை தீனி. தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. போட்டதைத் தின்றுகொண்டே இருக்கும், பின்னால் விட்டுக்கொண்டே இருக்கும்.

சொட்டு மருந்துச் சோதனை செய்தேன். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மஞ்சளாக நிற்க வேண்டும்; கரும்பச்சையாகிவிட்டது. அம்மோனியா லிட்டருக்கு நான்கு மில்லிகிராம். ஞாயிற்றுக்கிழமை தொட்டியிலிருந்து எடுத்து வாளியில் விட்டிருந்த பழைய தண்ணீரில் அமிலக்காரத் தாளைத் தோய்த்தால் ஆறுக்குப் பக்கத்தில் நின்றது. மொட்டைமாடித் தொட்டியின் போர்த் தண்ணீரில் தோய்த்தேன். எட்டுக்குமேல். இரண்டு மீன் செத்த கதை அந்த இரண்டு தாளில் இருந்தது.

அம்மோனியா தண்ணீரில் இரண்டு உருவில் இருக்கும். ஒன்று செவுளுக்குள் சுலபமாகப் புகுந்து கொல்கிற உரு, இன்னொன்று அவ்வளவாகப் புகாத உரு. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரின் அமிலக்கார அளவு. ஏழில் இருந்தால் கொல்கிற உரு நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. எட்டுக்கு ஏறினால் அதுவே ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். வெயில் ஏற ஏற இன்னும் கூடும். கேன் தண்ணீரில் உப்புச்சத்து எடுக்கப்பட்டுவிடுவதால் தண்ணீரைத் தாங்கிப்பிடிக்கிற காரத்தன்மையும் போய்விடுகிறது. மீன் கழிவு சேரச் சேர அது புளித்து ஆறுக்கு இறங்கிவிட்டது. அதனாலேயே அவ்வளவு அம்மோனியாவிலும் மீன்கள் ஒரு வாரம் தாங்கின. ஞாயிற்றுக்கிழமை பாதித் தொட்டி போர்த் தண்ணீர் ஊற்றியதும், ஏற்கெனவே கிடந்த அம்மோனியா ஒரே மணிநேரத்தில் விஷமானது. சமையற்கட்டு மேசையில் தாளை வைத்து இதை விளக்கியபோது அண்ணி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப உப்புத் தண்ணி கெடுதல் இல்லியா?" என்றாள்.

கெடுதல் இல்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நாம் குறைசொல்லிக்கொண்டே குளிக்கிற, குக்கரின் அடியில் வெள்ளையாகப் படிகிற இந்தக் கடினத் தண்ணீர் தங்கமீனுக்கு நல்லது. அம்மோனியாவை மாற்றுகிற கிருமிகளுக்கும் காரத்தன்மை வேண்டும். மாற்றுகிற ஒவ்வொரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கும் ஏழு மில்லிகிராம் காரத்தன்மையை அவை செலவழிக்கின்றன. கேன் தண்ணீரில் அவற்றுக்குச் செலவழிக்க எதுவும் கிடையாது. காசு கொடுத்து வாங்கிய தண்ணீர்தான் மீனுக்கு ஏழைத் தண்ணீர்.

வழி என்னவென்றால், முதலில் அம்மோனியாவை இறக்கிவிட்டு அதற்கப்புறம்தான் போர்த் தண்ணீருக்கு மாற வேண்டும். ஆகவே முதல் இரண்டு மாற்றம் கேன் தண்ணீரிலேயே செய்தோம். அம்மோனியா இறங்கிய பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு சொம்பு, இரண்டு சொம்பு என்று போர்த் தண்ணீரைக் கலந்தோம். விழுப்புரத்துப் பஞ்சை மாட்டி ஏர் பம்பைப் போட்டதும் பாப்பா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். "அழுக்கா இருக்கே அத்தை, கழுவட்டுமா?" என்றாள். அவளுக்குச் சொன்னதைத்தான் எல்லோருக்கும் சொல்வேன்: பஞ்சு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்து மாட்டு. குழாயடிக்குக் கொண்டுபோகாதே.

அடுத்தடுத்த நாட்களில் அவளே சோதனை செய்து எனக்குப் போட்டோ அனுப்பினாள். பச்சை வெளுத்து மஞ்சளானது. நடுவில் நைட்ரைட் ஏறியது. நைட்ரைட் இரத்தத்தில் ஹீமோகுளோபினைப் பழுப்பாக்கி, ஆக்ஸிஜனைச் சுமக்கமுடியாமல் செய்துவிடும்; செவுளே காபி நிறத்துக்கு மாறும். இதற்குக் கைகண்ட மருந்து கல் உப்பு. உப்பில் இருக்கிற குளோரைடு, நைட்ரைட்டைச் செவுள்வழி உள்ளே போகவிடாது. லிட்டருக்கு ஒரு கிராம் போதும்.

கல் உப்புக்கு அந்த வீட்டில் பஞ்சமில்லை. மரக்காணம் உப்பளம் அங்கிருந்து ஒரு பஸ் தூரம்தான். இன்றைய மரக்காணம்தான் சங்ககால எயிற்பட்டினம் என்றும், அண்ணன் வீடிருக்கிற கிடங்கல்தான் ஓய்மாநாட்டின் கிடங்கில் என்றும் அறிஞர்கள் சொல்கிறார்கள். ஒரே ஆற்றுப்படையில் இரண்டு ஊரும் வருகின்றன. அந்தக் கடற்கரையின் உப்பு கிடங்கலில் ஒரு கறுப்பு மூரின் செவுளைக் காத்தது எனக்குப் பெரிய நிறைவு.

தீபாவளி அக்டோபர் 31. அதற்கு முந்தின வாரம், செத்துப்போன இரண்டுக்குப் பதிலாக அண்ணன் இரண்டு புதுமீன் வாங்கிவந்து நேராகத் தொட்டியில் விட்டார். மகள் முகம் மலர வேண்டும் என்ற ஆசை. அதில் என்ன தப்பு சொல்ல முடியும்? அடைமழை தொடங்கி இரவுகள் குளிர்ந்தன. தீபாவளிக்கு நாங்கள் போனபோது புதுமீனில் ஒன்றின் வாலில், துடுப்பில், உடம்பில் ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி. கல்லில் உடம்பை உரசிக்கொண்டு சுற்றியது.

அடுத்த நாள் அந்த மீன் செத்தது. அதன் தோலை ஸ்லைடால் லேசாக வழித்து ஈரம் காயாமல் விழுப்புரம் கொண்டுவந்து, பரிசோதனைக் கூடத்தில் கூட்டம் ஓய்ந்த பிறகு மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். வட்டமாக ஒரு உயிர், உடம்பெல்லாம் பொடிமயிர், மெல்ல உருண்டுகொண்டிருந்தது. நடுவில் குதிரை லாட வடிவில் உட்கரு. சந்தேகமே இல்லை: இக்தியோஃப்திரியஸ், வெண்புள்ளி நோய். ஒரு மில்லிமீட்டர்வரை வளரும் ஒற்றைச்செல் உயிர் அது. நாள் முழுக்க இரத்தத் துளிகளைப் பார்க்கிற அதே கண்ணாடியில் அதைப் பார்த்தபோது பயத்தோடு ஒரு மரியாதையும் வந்தது.

அதன் வாழ்க்கையை அறிந்தால்தான் வைத்தியம் புரியும். புள்ளியாகத் தெரிகிறபோது அது மீனின் தோலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. எந்த மருந்தும் தொடாது. தின்று கொழுத்ததும் தோலைக் கிழித்து வெளியேறி, கல்லில் ஒட்டிக் கூடுகட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் பிளவுபடும். அந்தக் குஞ்சுகள் வெடித்து வெளிவந்து மீனைத் தேடி நீந்தும். இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அநேகமாகச் செத்துவிடும். நம் அடி விழ வேண்டியது அந்த நீந்துகிற கட்டத்தில். எனவே புள்ளி மறைந்ததும் வைத்தியத்தை நிறுத்தினால், கூட்டில் இருக்கிறவை வெளிவந்து அடுத்த அலை இன்னும் பலமாக அடிக்கும்.

கடையில் அண்ணனிடம் நீலமருந்து ஒரு பாட்டிலும் டெட்ராசைக்ளின் கேப்சூலும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கேப்சூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டச் சொன்னார்களாம். இதில் நான் கொஞ்சம் கோபமாகவே பேசினேன். வெண்புள்ளி பாக்டீரியாவால் வருவது இல்லை. ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது. செய்வதெல்லாம் பஞ்சில் இருக்கிற கூட்டத்துக்குக் கேடு, பிறகு சாக்கடையில் போய் மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்ப்பது. ஒரு சாதாரணச் சிறுநீர்த் தொற்றுக்குக் கல்ச்சர் வைத்தால், எந்தெந்த மருந்து வேலை செய்யாது என்ற பட்டியல் வருடத்துக்கு வருடம் நீள்வதை நான் பார்க்கிறேன். கருவுற்ற பெண்ணின் சீட்டில்கூட அந்தப் பட்டியலை எழுதித் தந்திருக்கிறேன். மீன்தொட்டியில் அந்த மருந்தைக் கொட்டுவதை என்னால் பொறுக்க முடியாது. நீலமருந்து, அதாவது மெத்திலின் ப்ளூ, தனி வாளியில் வைத்தியம் பார்க்க உதவும். பஞ்சு ஓடுகிற தொட்டியில் ஊற்றினால் நல்ல கிருமிகளையும் வாட்டிவிடும். மறுபடி அம்மோனியாக் கதை முதலிலிருந்து தொடங்கும்.

நாங்கள் செய்தது கல் உப்புதான். லிட்டருக்கு மூன்று கிராம், இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக, தனியே கரைத்து ஊற்றியது. தினமும் சைஃபன் குழாயால் கல்லின் அடிப்பகுதியை உறிஞ்சி எடுத்தோம். கூடுகட்டியவை பாதி அதிலேயே போய்விடும். எடுத்த அளவுக்கு அதே உப்புக் கணக்கில் புதுத் தண்ணீர். புள்ளி மறைந்த பிறகும் நிறுத்தாமல் ஒரு வாரத்துக்குமேல் தொடர்ந்தோம். மூன்று மீன் பிழைத்தது. இனி புதுமீன் வந்தால் குறைந்தது மூன்று வாரம் தனி டப்பில் என்று பாப்பா ஒரு அட்டையில் எழுதித் தொட்டிமேல் ஒட்டினாள். அண்ணன் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. ஏறியும் நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர். டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட, தென்பெண்ணை ஊர்களுக்குள் புகுந்தது. அரசூரில் நெடுஞ்சாலையே ஆறானது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நின்றன. நான் பஞ்சு கொண்டுபோன அதே தடம். வீடும் நெல்லும் மாடும் போனவர்களின் கண்ணீரை நேரில் பார்த்த நாட்கள் அவை. மீனைப் பற்றிப் பேச மனம் கூசியது. ஆனால் பாப்பாவுக்கு அந்த மூன்று உயிர்தான் அவள் கையில் இருந்த பொறுப்பு. சிக்னல் கிடைத்தபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "கரண்ட் இல்ல அத்தை, பம்ப் நின்னுபோச்சு. என்ன பண்றது?"

தீனி வேண்டாம். தங்கமீன் ஒரு வாரம்கூடப் பட்டினி தாங்கும். ஆக்ஸிஜன் இல்லாமல் தாங்காது. ஒரு குவளையில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்று. பத்து நிமிஷம் ஊற்றிவிட்டு ஓய்வெடு. மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் மறுபடி ஊற்று. மழைத்தண்ணீர் தாராளமாகக் கிடைக்கிறதே என்று அதை நிரப்பிவிடாதே. அதில் காரத்தன்மை கிடையாது. போர் மோட்டாரும் ஓடாது, ஆகவே பிடித்துவைத்திருக்கும் இரண்டு குடம்தான் இருப்பு. இவ்வளவு சொல்வதற்குள் தொடர்பு அறுந்தது. ஒரு நல்லது என்னவென்றால், குளிர்ந்த தண்ணீரில் ஆக்ஸிஜன் அதிகம் நிற்கும். 20 டிகிரியில் லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். இதே மின்வெட்டு சித்திரையில் வந்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவளும் அண்ணியும் முறைவைத்து ஊற்றியிருக்கிறார்கள். உப்புத் தண்ணீர் என்று திட்டிய அண்ணி இரண்டு மணிக்கு எழுந்து குவளையைப் பிடித்தாள் என்று அண்ணன் பிறகு சொன்னார். மூன்று மீனும் பிழைத்தன. மின்சாரம் வந்ததும் குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலாக இருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு அப்படித்தான் இருக்க வேண்டும், காலராவைத் தடுக்க அதுவே வழி. ஹைப்போத் துணுக்கு கூடுதலாகப் போடச் சொன்னேன்.

தை மாதம் அண்ணி பதறிப்போய் ஒரு போட்டோ அனுப்பினாள். ஆரஞ்சு மீனின் கன்னத்தில் வெள்ளைப் பொட்டுகள். பெரிதாக்கிப் பார்த்தேன். செவுள்மூடியிலும் முன்துடுப்பின் முதல் முள்ளிலும் மட்டும் வரிசையாக இருந்தன. உடம்பிலும் வாலிலும் ஒன்றுகூட இல்லை. ஆண் தங்கமீன் பருவத்துக்கு வந்தால் அப்படி முளைக்கும். நோய் இல்லை, மாப்பிள்ளை ஆகிவிட்டான் என்று எழுதினேன். இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனை ஆண்மீன்களுக்கு மருந்து ஊற்றப்பட்டிருக்குமோ.

அந்தப் பொங்கலுக்கு அண்ணன் மூன்றடித் தொட்டி வாங்கினார். 57 லிட்டரில் மூன்று தங்கமீன் வளர முடியாது; தலைக்கு நாற்பது லிட்டராவது வேண்டும். இந்த முறை யாரும் அவசரப்படவில்லை. பழைய தொட்டியிலிருந்து ஒரு பஞ்சையும் கொஞ்சம் கல்லையும் புதியதில் போட்டு ஓடவிட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன்களை மாற்றினார்கள். சோதனை செய்தவள் பாப்பா. பழைய பஞ்சில் ஒன்றை அவள் வகுப்புத் தோழிக்குக் கொடுத்திருக்கிறாள். அது இப்போது மேல்மருவத்தூரில் ஓடுகிறது.

மீன் விற்கிற கடைக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கடையில் நோயில்லாத ஒரு தொட்டியில் கூடுதலாக நாலைந்து பஞ்சு எப்போதும் ஓடட்டும். ஒரு பஞ்சின் விலை ஒன்றும் பெரிதில்லை. பிறந்தநாளுக்குத் தொட்டி வாங்க வருகிற பிள்ளையிடம் முதல் நாள் அந்தப் பழைய பஞ்சைக் கொடுத்தனுப்புங்கள். மீனைப் பிறகு கொடுங்கள். வாங்குகிறவர்களும், "மீன் எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன்னால், "ஓடின பஞ்சு இருக்கா?" என்று கேளுங்கள்.